சபா தீவுக்கு டைவிங் போகலாமா? போய் வந்தவளின் பதில்

கேள்வி: "டைவிங்கின் முதல் நிலையான ஓப்பன் வாட்டர் சான்றிதழ் வைத்திருக்கிறேன். இதுவரை 14 டைவ் முடித்திருக்கிறேன். மே மாதம் கரீபியனில் உள்ள சபா தீவுக்குப் போக ஆசை. என் மனைவி டைவிங் செய்வதில்லை. எப்படிப் போவது? அவ்வளவு தூரம் போவதற்கு அந்தத் தீவு தகுதியானதுதானா?"

தாராளமாகப் போங்கள். ஆனால் இரண்டு விஷயங்களை இப்போதே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சபாவில் கடற்கரை என்று சொல்லத்தக்க ஒன்று கிடையாது. அங்குள்ள மிகச் சிறந்த டைவ் இடங்கள் 30 மீட்டர் ஆழத்தில் தொடங்குகின்றன. ஓப்பன் வாட்டர் சான்றிதழின் எல்லை 18 மீட்டர். மே மாதத்துக்குள் அடுத்த நிலையான அட்வான்ஸ்டு பயிற்சியை முடித்துவிட முடியுமானால் முடித்துவிடுங்கள். அது இல்லாமல் போனால், அவ்வளவு செலவழித்துப் போய்விட்டு மற்றவர்கள் படகிலிருந்து இறங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டிவரும்.

நானும் என் கணவரும் நெதர்லாந்தில் வசிக்கிறோம். ஒரு மார்ச் மாதம் எட்டு நாள் விடுப்பில் அங்கே போயிருந்தோம். உங்கள் மனைவியைப் போலவே என் கணவருக்கும் டைவிங் கிடையாது. அதனால் உங்கள் கேள்வியின் இரண்டு பாதிக்கும் என்னால் பதில் சொல்ல முடியும்.

முதலில் விசா. சபா 2010 அக்டோபர் 10 முதல் நெதர்லாந்தின் சிறப்பு நகராட்சி. ஆனாலும் அது ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா செல்லும் ஷெங்கன் எல்லைக்குள் வராது. சபா உள்ளிட்ட கரீபிய நெதர்லாந்துக்கென்று தனி விசா உண்டு. எங்களிடம் நெதர்லாந்து வசிப்பு அனுமதி இருந்ததால் அது தேவைப்படவில்லை. நீங்கள் இந்தியாவிலிருந்து நேராகக் கிளம்புவதாக இருந்தால், டிக்கெட் எடுப்பதற்கு முன் தூதரகத்தில் எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளுங்கள். செலவுக்கு யூரோவைக் கொண்டுபோகாதீர்கள். அங்கே புழங்குவது அமெரிக்க டாலர். பேச்சு மொழியும் டச்சு அல்ல, ஆங்கிலம். தீவின் பெயரை அவர்கள் 'சேபா' என்றுதான் உச்சரிக்கிறார்கள்.

எந்த வழியாகப் போனாலும் சின்ட் மார்ட்டின் தீவைத் தொடாமல் பெரும்பாலும் சபாவுக்குப் போக முடியாது. ஆம்ஸ்டர்டாமிலிருந்தும் பாரிஸிலிருந்தும் அங்கே பெரிய விமானங்கள் வருகின்றன. அங்கிருந்து சபா சுமார் 45 கிலோமீட்டர். வின்ஏர் நிறுவனத்தின் ட்வின் ஆட்டர் என்ற சிறு விமானத்தில் பதினைந்து நிமிடத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். படகில் போனால் ஒன்றேகால் மணி நேரம் ஆகும், சில சமயம் அதற்கும் மேல்.

போகும்போது விமானம், திரும்பும்போது படகு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல நாள் தொடர்ந்து டைவ் செய்த பிறகு விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். படகு கடல் மட்டத்திலேயே போகிறது. அதில் திரும்பினால் கடைசி நாட்களை இன்னும் தாராளமாகப் பயன்படுத்தலாம். படகு எல்லா நாளும் ஓடாது என்பதால் நாட்களை அதற்கேற்பப் பொருத்திக்கொள்ளுங்கள். காற்று பலமாக இருந்தால் ஆட்டம் கடுமையாக இருக்கும். வாந்தி மாத்திரையைக் கையோடு வைத்திருங்கள்.

போகும்போது அந்தச் சிறு விமானப் பயணத்தை எக்காரணம் கொண்டும் தவறவிடாதீர்கள். பயணிகள் விமானம் இறங்கும் ஓடுபாதைகளில் உலகிலேயே நீளம் குறைந்தது சபாவில்தான் இருக்கிறது: 400 மீட்டர். எரிமலைக் குழம்பு கடலுக்குள் வழிந்து இறுகிய ஒரு சிறு மேடைதான் அந்த நிலம். இரண்டு முனையிலும் செங்குத்தாகக் கடல். 1959 பிப்ரவரியில் ரெமி டி ஹேனன் என்ற விமானி முதன்முதலாக அங்கே இறங்குவதற்காக, ஊர் மக்கள் கற்களைக் கையாலேயே பொறுக்கித் தரையைச் சமப்படுத்தினார்கள். முறையான விமான நிலையம் 1963இல் வந்தது. நாங்கள் போன விமானம் மலைச் சுவரை நோக்கியே போனது. பாறையில் இருந்த செடிகளை என்னால் தனித்தனியாகப் பார்க்க முடிந்தது. பிறகு சட்டென்று இடப்பக்கம் சாய்ந்தது, சக்கரம் தரையைத் தொட்டது, பாதி ஓடுபாதையிலேயே நின்றுவிட்டது. என் கணவர் என் மணிக்கட்டைப் பிடித்திருந்த பிடியை டாக்சியில் ஏறிய பிறகுதான் விட்டார்.

அந்த டாக்சி போகும் சாலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். இவ்வளவு செங்குத்தான தீவில் சாலை போடவே முடியாது என்று பொறியாளர்கள் கைவிரித்துவிட்டார்கள். ஜோசப்பஸ் லாம்பர்ட் ஹாசல் என்ற உள்ளூர்க்காரர் அஞ்சல் வழியில் கட்டுமானப் பொறியியல் படித்து, ஊராரைச் சேர்த்துக்கொண்டு 1938இல் வேலையைத் தொடங்கினார். கைக்கருவிகளால் கொத்திக் கொத்தி, 1958 வரை அந்த வேலை நடந்தது. இன்றும் அதற்கு 'தி ரோடு' என்பதுதான் பெயர். நானும் பொறியியல் படித்தவள்தான். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அந்தக் கல் தடுப்புச் சுவரைப் பார்க்கும்போது நெஞ்சு நிறைந்துபோனது.

தங்குவதற்கு விண்ட்வர்ட்சைடு கிராமம் நல்லது. வெள்ளைச் சுவர், பச்சை ஜன்னல், சிவப்புக் கூரை என்று எல்லா வீடுகளும் ஒரே மாதிரி இருக்கும். பெரிய ரிசார்ட் எதுவும் இல்லை. கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் சேமித்துத்தான் வீடுகளில் புழங்குகிறார்கள். குழாயைத் திறந்து விட்டுவிட்டுப் பல் தேய்க்காதீர்கள்.

இனி கடல். 1987இல் தீவைச் சுற்றி, 60 மீட்டர் ஆழம் வரை, முழுவதையும் கடல் பூங்காவாக அறிவித்துவிட்டார்கள். டைவ் படகுகள் பவளப்பாறையின் மேல் நங்கூரம் போடுவதில்லை. நிலையாகக் கட்டப்பட்ட மிதவைகளில் கயிற்றைக் கட்டி நிற்கின்றன. டைவ் செய்பவர்கள் செலுத்தும் கட்டணம் பூங்காவின் பராமரிப்புக்குப் போகிறது. மணல் கரை இல்லாததால் பெரிய விடுதிகள் வரவில்லை, கூட்டமும் வரவில்லை. ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் வாழும் ஊர் அது. நான் இறங்கிய எட்டு டைவிலும் எங்கள் படகைத் தவிர வேறொரு படகு அதே இடத்தில் நின்றதில்லை.

முதல் நாள் எங்களை டென்ட் ரீஃப் என்ற இடத்துக்கு அழைத்துப் போனார்கள். அங்கே ஆழம் குறைவு. மிதப்பைக் கட்டுப்படுத்தத் தெரிகிறதா, காற்றை எப்படிச் செலவழிக்கிறோம் என்று வழிகாட்டி பார்த்துக்கொண்டே வந்தார். உங்களுக்கும் அதைத்தான் முதலில் செய்வார்கள். அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அங்கேயே ஒரு அழுங்காமை கடற்பஞ்சைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தது. நாங்கள் நான்கு பேர் அருகில் மிதந்தும் அது தலையைத் திருப்பவில்லை.

மூன்றாம் நாள்தான் 'தேர்ட் என்கவுன்ட்டர்'. கடலடியிலிருந்து எழும்பும் பாறைக் கோபுரம் அது. மிதவைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நீலத்துக்குள் இறங்கிக்கொண்டே போனால், 30 மீட்டரை நெருங்கும்போது காலடியில் அதன் உச்சி தெரிகிறது. அங்கிருந்து வழிகாட்டி எங்களை வெறும் நீலத்துக்குள் அழைத்துப் போனார். கீழேயும் தரை இல்லை, முன்னாலும் எதுவும் இல்லை. சில நிமிடம் கழித்து மங்கலாக ஒரு நிழல். நெருங்கினால், ஒற்றைத் தூணாக எழுந்து நிற்கிறது 'ஐ ஆஃப் தி நீடில்'. உச்சி முதல் அடி வரை கடற்பஞ்சும் பவளமும் ஒரு விரல் இடைவெளி விடாமல் மூடியிருக்கின்றன. டார்ச் வெளிச்சம் பட்ட இடத்தில் மட்டும் ஆரஞ்சும் சிவப்பும் எரிகின்றன. ஒரு கலவா மீன் அதன் பிளவிலிருந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. கீழே இருளில் ஒரு சுறா அவசரமே இல்லாமல் வட்டமடித்தது. நான் அழுதேன். முகமூடிக்குள் அழலாம், ஒன்றும் ஆகாது.

அந்த ஆழத்தில் சிலிண்டர் மேற்பரப்பில் இருப்பதைவிட நான்கு மடங்கு வேகத்தில் காலியாகும். சாதாரணக் காற்றில் 30 மீட்டரில் இருபது நிமிடம்தான் பாதுகாப்பான எல்லை. ஆக்சிஜன் கூட்டிய காற்றான நைட்ராக்ஸ், 32 சதவீத ஆக்சிஜனோடு என்றால் முப்பது நிமிடம் வரை கிடைக்கும். அட்வான்ஸ்டோடு சேர்த்து நைட்ராக்ஸ் பயிற்சியையும் முடித்துவிடுங்கள். அந்தப் பத்து நிமிடத்தின் அருமை அங்கே தெரியும்.

எனக்கு அதே அளவு பிடித்த இன்னொரு இடம் லேடர் லாபிரிந்த். ஆழம் அதிகமில்லை, உங்களால் இப்போதே போக முடியும். எரிமலைப் பாறைகளுக்கு நடுவே மஞ்சள் நிறத்தில் மணல் திட்டுகள் இருக்கின்றன. வழிகாட்டி என் கையைப் பிடித்து மணலுக்குள் விரலை நுழைக்கச் சொன்னார். அடுப்பிலிருந்து இறக்கிக் கொஞ்ச நேரமான சோற்றுக்குள் விரல் வைத்ததுபோல் இருந்தது. எரிமலையின் சூடு இன்னும் அங்கே கசிந்துகொண்டிருக்கிறது.

உங்கள் மனைவி விஷயத்துக்கு வருகிறேன். நடக்கப் பிடிக்கும் என்றால் அவருக்கு அங்கே நாள் போதாது. மவுன்ட் சீனரி 887 மீட்டர். நெதர்லாந்து அரசின் எல்லைக்குள் மிக உயரமான சிகரம் ஐரோப்பாவில் இல்லை, இதுதான். விண்ட்வர்ட்சைடிலிருந்து 1,064 படிகள். மேலே போகப் போக மேகம் காட்டுக்குள் இறங்கி, மரத்தில் பாசியும் பெரணியும் சொட்டச் சொட்ட நிற்கும். தீவின் மறுபக்கத்தில் லேடர் பே. சாலையும் துறைமுகமும் வருவதற்கு முன் ஊருக்குள் வந்த ஒவ்வொரு பொருளும், பியானோ உட்பட, பாறையில் வெட்டிய 800 படிகளில் ஆள் தலையில் ஏறி வந்த இடம். என் கணவர் அதில் இரண்டு முறை இறங்கி ஏறினார். திரும்பும்போது சாலையோரம் நின்றால் போதும், யாராவது வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொள்கிறார்கள். ஒரு பாட்டி அவரைத் தன் வண்டியில் கொண்டுவந்து அறை வாசலிலேயே இறக்கிவிட்டார்.

மலையேற்றத்தில் நீங்கள் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். டைவ் செய்த அன்று மவுன்ட் சீனரி ஏறக் கூடாது. டைவில் உடலில் கரைந்த நைட்ரஜன், உயரே போய் காற்றழுத்தம் குறைந்தால் குமிழாகிவிடக்கூடும்; அதற்கு விமானமும் மலையும் ஒன்றுதான். விண்ட்வர்ட்சைடே 400 மீட்டர் உயரத்தில் இருப்பதால், டைவ் முடிந்து அறைக்குப் போவதே ஒரு ஏற்றம். அதனால் எங்கள் வழிகாட்டி ஒவ்வொரு முறையும் மேலே வரும் வழியில் 5 மீட்டர் ஆழத்தில் வழக்கத்தைவிட அதிக நேரம் நிறுத்திவைத்தார். தீவில் வந்து இறங்கிய மறுநாளே, டைவிங் தொடங்குவதற்கு முன்பே இருவருமாக மலையில் ஏறிவிடுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

டைவ் எண்ணிக்கைதான் முக்கியம், கரையிலிருந்தே இறங்க வேண்டும், ஒரு நாளைக்கு நான்கு டைவ் வேண்டும் என்றால் கரீபியனிலேயே உள்ள போனேர் தீவு உங்களுக்குப் பொருந்தும், செலவும் குறையும். என்னைக் கேட்டால், பன்னிரண்டு டைவுக்குப் பதில் ஐந்து கிடைத்தாலும் மறுபடி சபாவுக்கே போவேன்.

கடற்கரை இல்லை என்று சொன்னேன் அல்லவா, முழுக்க இல்லை என்றும் சொல்ல முடியாது. வெல்ஸ் பே என்ற இடத்தில் ஆண்டில் சில மாதம் மட்டும் கடலே மணலைக் கொண்டுவந்து போடுகிறது, குளிர்காலத்தில் திரும்ப எடுத்துக்கொண்டுவிடுகிறது. நாங்கள் போன மார்ச்சில் அங்கே உருண்டைக் கற்கள் மட்டும்தான் கிடந்தன. நீங்கள் மே மாதம் போகிறீர்கள். உங்கள் இருவருக்கும் மணல் கிடைக்கக்கூடும்.