கருவில் மதுவின் பாதிப்பு: ஏழு வயது மகனை எப்படி வளர்ப்பது?

கேள்வி: இரண்டு வயதில் நாங்கள் தத்தெடுத்த மகனுக்கு இப்போது ஏழு வயது. பெற்ற தாய் கர்ப்ப காலத்தில் மது அருந்தியதாகக் கோப்பில் உள்ளது. நன்றாகப் பேசுகிறான், ஆனால் நேற்றுத் தெரிந்த கூட்டல் இன்று தெரிவதில்லை. கெஞ்சியும் அடித்தும் பார்த்துவிட்டோம். முகத்தில் குறையில்லாததால் மதுவின் பாதிப்பு இருக்காது என்கிறார் உறவினர். என்ன செய்வது?

பதில்: முகத்தை வைத்து முடிவு செய்ய இயலாது. சிறுத்த கண்கள், மெல்லிய மேலுதடு, மூக்குக்கும் உதட்டுக்கும் இடையிலான பள்ளம் மழுங்கியிருத்தல் ஆகியவை, முகம் உருவாகும் தொடக்க வாரங்களில் மது கருவை எட்டியிருந்தால் தோன்றுபவை. மூளையோ கர்ப்ப காலம் முழுவதும் வளர்வதால், முகம் இயல்பாக உள்ள குழந்தைக்கும் நினைவாற்றலிலும் கணக்கிலும் சினத்தை அடக்குவதிலும் பாதிப்பு இருக்கக்கூடும். 1973இல் அமெரிக்க மருத்துவர்கள் கென்னத் ஜோன்ஸும் டேவிட் ஸ்மித்தும் இந்நிலைக்கு 'ஃபீட்டல் ஆல்கஹால் சிண்ட்ரோம்' என்று பெயரிட்டபோது முக அடையாளங்களே முன்னின்றன. அவை இல்லாதவர்களே பாதிக்கப்பட்டோரில் பெரும்பான்மையினர் என்பது பின்னர் தெரியவந்தது.

அவனுடைய சரளமான பேச்சுதான் பிறரைத் தவறாக எண்ண வைக்கிறது. பேச்சு வயதுக்கேற்ப இருந்தாலும், கேட்டதை மனத்தில் நிறுத்திச் செய்து முடிக்கும் திறன் நாலைந்து வயதுக்குரியதாக இருக்கலாம். "பல் துலக்கி, சீருடை போட்டு, பையை எடுத்துக்கொண்டு வா" என்றால் வெறுங்கையுடன் வந்து நிற்பான்; அது அடம் அன்று. ஒரு வேலையைச் சொல்லி, அது முடிந்தபின் அடுத்ததைச் சொல்லுங்கள். பல் துலக்கும் தூரிகை, சீருடை, பை ஆகியவற்றின் படங்களை அதே வரிசையில் அவன் கண்மட்டத்தில் சுவரில் ஒட்டுங்கள். உணவு, படிப்பு, உறக்கம் ஆகியவற்றின் நேரத்தை மாற்றாதீர்கள். அடிப்பதை இன்றே நிறுத்திவிடுங்கள்: செயலையும் விளைவையும் அவனால் எளிதில் தொடர்புபடுத்த முடியாதபோது, அடி அச்சத்தைத் தருமேயன்றி எதையும் கற்பிக்காது.

கோப்பின் நகலுடன் குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள். அந்த விவரத்தைச் சொல்லாவிட்டால் வெறும் கவனக்குறைபாடு என்று மட்டும் கருதப்பட வாய்ப்புண்டு. கண், காது, இதயம், சிறுநீரகம் ஆகியவற்றையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். மருத்துவரின் அறிக்கையை ஆசிரியரிடம் கொடுத்து, முன்வரிசை இருக்கையும், கணக்குக்குக் கையால் தொட்டு எண்ணக்கூடிய பொருள்களும், தேர்வில் கூடுதல் நேரமும் கேளுங்கள்.

பெற்ற தாயை அவன் காதுபட யாரும் பழிக்க விடாதீர்கள். கருவுற்றதை அறியுமுன்பே குடித்தவர்களும், குடிநோயிலிருந்து மீள முடியாதவர்களும் உண்டு. மூளையில் நேர்ந்த பாதிப்பை நீக்கும் மருந்து இதுவரை இல்லை. எனினும் மிகைத்துடிப்புக்கும் உறக்கமின்மைக்கும் மருத்துவர் மருந்து தந்தால் தயங்காமல் கொடுக்கலாம், முழுமையாகக் குணமாக்குவதாகச் சொல்லி விற்கப்படும் டானிக்குகளை வாங்க வேண்டாம்.