ஒஹாயோவில் 1847-ல் நடந்த திருமணப் பதிவு கவுண்டி கோர்ட்டில் இல்லை என்கிறார்கள். அழிந்திருக்குமா?

கணவர் வீட்டு முன்னோர்கள் நோபிள் கவுண்டியில் (கவுண்டி என்றால் அமெரிக்க மாநிலங்களில் நம் மாவட்டம் மாதிரி) விவசாயம் செய்தவர்கள், அங்கே கேட்டால் பதிவே இல்லை என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அழிந்துவிட்டது என்று அதற்குள் முடிவுகட்ட வேண்டாம். 1847-ல் நோபிள் என்று ஒரு கவுண்டியே கிடையாது. மன்ரோ, மோர்கன், கெர்ன்சி, வாஷிங்டன் ஆகிய நான்கு கவுண்டிகளிலிருந்தும் ஆளுக்கொரு துண்டு எடுத்து 1851 மார்ச்சில்தான் அதை உருவாக்கினார்கள். ஒஹாயோவின் 88 கவுண்டிகளில் கடைசியாகப் பிறந்தது அதுதான். எல்லை மாறியபோது பழைய புத்தகங்கள் பழைய கோர்ட்டிலேயே தங்கிவிட்டன.

என் மாமியாரின் குடும்பமும் அந்தப் பக்கம்தான். மூன்று வருடமாக அவருக்காகத் தேடிக்கொண்டிருக்கிறேன். தொடக்கத்தில் நானும் உங்களைப் போலவே தவறான வாசலில் நின்றேன். அதனால் முதல் வேலையாக டவுன்ஷிப் (கவுண்டிக்குள் இருக்கும் சிறு பிரிவு) பெயரைக் கண்டுபிடியுங்கள். 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அந்தக் குடும்பம் எந்த டவுன்ஷிப்பில் இருக்கிறது என்று பாருங்கள். அந்த இடம் 1851-க்கு முன்னால் எந்தக் கவுண்டியில் இருந்தது என்பதை சிகாகோவின் நியூபெரி நூலகம் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் பழைய எல்லை வரைபடத்தில் பார்க்கலாம். தேதி கொடுத்தால் அன்றைய எல்லையைக் காட்டும். எங்களுக்கு வந்தது கெர்ன்சி கவுண்டி. அதாவது கேம்பிரிட்ஜ் ஊர் கோர்ட்.

அங்கேயும் உடனே கிடைக்கவில்லை. தேடச் சொல்லி எழுதியதற்கு ‘இல்லை’ என்று ஒரே வரியில் பதில் வந்தது. நான் கொடுத்த எழுத்துக்கூட்டலை மட்டும் பெயர் அட்டவணையில் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மன் பெயர்களில் இது பெரிய தொல்லை. வீட்டில் ஷ்னைடர் என்று சொன்னதை எழுத்தர் ஸ்னைடர் என்று காதில் விழுந்தபடி எழுதியிருப்பார். கடைசியில் ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளி தேடும் தளத்தில் ஸ்கேன் செய்த புத்தகத்தை நானே பக்கம் பக்கமாகப் புரட்டினேன். நான்காவது நாள் இரவு அந்தப் பெயர் கண்ணில் பட்டது. பக்கத்து அறையில் தூங்கிக்கொண்டிருந்த மாமியாரை எழுப்பிவிட்டேன்.

அந்தத் தளம் இலவசம், கணக்கு மட்டும் தொடங்க வேண்டும். பெயர் போட்டுத் தேடும் பெட்டியோடு நின்றுவிடாதீர்கள். அட்டவணைக்குள் வராத புத்தகங்கள் ஏராளம். கேட்டலாகுக்குப் போய் இடத்தின் பெயரைக் கொடுத்தால் அந்தக் கவுண்டிக்கு என்னென்ன படம்பிடித்திருக்கிறார்கள் என்று முழுப் பட்டியல் வரும். சிலவற்றை வீட்டிலிருந்து பார்க்க முடியாது. அவர்களோடு இணைந்த நூலகம் ஒன்றுக்குப் போக வேண்டியிருக்கும்.

பிறப்பு, இறப்புக்கு ஒஹாயோவில் 1867-லிருந்துதான் கவுண்டிப் பதிவு. 1908 டிசம்பர் 20 வரை உள்ளவை, உயில், சொத்து விவகாரங்களைக் கவனிக்கும் புரோபேட் கோர்ட்டில், அதற்கு அப்புறம் மாநில அரசின் பொறுப்பு. 1840களில் பிறந்தவருக்குப் பிறப்புப் பதிவு தேடி நேரத்தை விடாதீர்கள். குடும்ப பைபிளில் எழுதியிருந்தால் உண்டு.

கல்யாணப் பதிவை விட எனக்கு அதிகம் கொடுத்தவை நிலப் பத்திரங்களும் சொத்து வழக்குக் கட்டுகளும்தான் (இறந்தவரின் சொத்தைத் தீர்த்துவைத்த கோர்ட் காகிதங்கள்). பத்திரங்கள் கவுண்டி ரெக்கார்டர் (பத்திரப் பதிவாளர்) அலுவலகத்தில் இருக்கும். விற்றவர் பெயருக்கு ஒரு அட்டவணை, வாங்கியவர் பெயருக்கு ஒரு அட்டவணை. இரண்டையும் பாருங்கள். அப்பா இறந்த பிறகு பிள்ளைகள் எல்லாரும் தங்கள் பங்கை ஒரு அண்ணனுக்கு எழுதிக்கொடுப்பது அங்கே வழக்கம். அப்படி ஒரு பத்திரம் எங்களுக்குக் கிடைத்தது. மாமியார் வைத்திருந்த வம்சப் பட்டியலில் மூன்று பெண்கள். பத்திரத்தில் ஐந்து பெண்கள், கணவர் பெயரோடு! அதில் ஒருவர் அயோவாவில் இருந்துகொண்டு, அங்கே எந்தக் கவுண்டியில் எந்த அதிகாரி முன்னால் ஒப்புக்கொண்டார் என்பதுவரை எழுதியிருந்தது. தொலைந்துபோன ஒரு கிளை முழுவதும் அந்த ஒரு வரியில் திரும்பி வந்தது.

மனைவிக்கு நிலத்தில் உரிமை இருந்ததால், கணவன் இல்லாத இடத்தில் அவளைத் தனியாக விசாரித்துச் சம்மதம் கேட்டதாகவும் அந்தக் காலப் பத்திரங்களில் வரும். கடைசியில் அவள் பெயருக்கு நடுவே ஒரு பெருக்கல் குறி. அதன் மேலே ‘அவளுடைய’, கீழே ‘அடையாளம்’ என்று எழுத்தர் எழுதியிருப்பார். எழுதப் படிக்கத் தெரியாதவர் என்று அப்படித்தான் தெரிந்துகொண்டோம்.

சொத்து வழக்குக் கட்டு புரோபேட் கோர்ட்டில் கிடைக்கும். உயில் இல்லையென்றாலும் கட்டு இருக்கலாம், கேளுங்கள். வீட்டுச் சாமான் ஒவ்வொன்றுக்கும் விலை போட்ட பட்டியல் அதில் இருக்கும். அதோடு விதவைக்கும் சிறு பிள்ளைகளுக்கும் ஒரு வருடம் சாப்பாட்டுக்கு என்று ஒதுக்கியதையும் தனியாக எழுதியிருப்பார்கள். எங்கள் பட்டியலில் ஒரு பசு, கோதுமை, உப்புப் போட்ட பன்றி இறைச்சி, ஒரு அடுப்பு, ஒரு நூற்பு ராட்டை. மாமியார் அதைப் படித்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை.

எரிந்துபோன கோர்ட்டுகள் இருப்பதும் உண்மைதான். 1884 கலவரத்தில் சின்சினாட்டியில் ஹாமில்டன் கவுண்டி கோர்ட் எரிந்து, பதிவேடுகள் ஏராளமாகச் சாம்பலாயின. அப்படிப்பட்ட இடங்களிலும் சர்ச் பதிவேடு, உள்ளூர்ப் பத்திரிகை, பக்கத்துக் கவுண்டி என்று வேறு வழிகள் உண்டு.

1850 கணக்கெடுப்பிலும் உங்கள் குடும்பம் பழைய கவுண்டியின் பெயரில்தான் இருக்கும், அங்கே தேடுங்கள். டவுன்ஷிப் பெயர் கிடைத்ததும் இங்கேயே எழுதுங்கள், கெர்ன்சி என்றால் அந்தத் திருமணப் புத்தகத்தின் எழுத்து எனக்குப் பழகிவிட்டது, நானும் உட்கார்ந்து பார்க்கிறேன்.