முதலில் துணியைச் சொல்லுங்கள், அப்புறம் பிரிண்ட்

சொந்த டிசைனைத் துணியில் அச்சடித்து வாங்குவது பற்றி, சின்ன பிராண்ட் நடத்துபவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. சென்னையில் இருந்துகொண்டு துணி வாங்கி அச்சுக்கு அனுப்புவதுதான் என் வேலை என்பதால் பதில் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, அண்ணா நகரில் ஒரு கடையில் ஒரு மீட்டர் என்றால்கூட டிஜிட்டல் பிரிண்ட் போட்டுத் தருகிறார்கள். விலையும் குறைவு. காட்டன் குர்திக்கு அங்கேயே கொடுத்துவிடவா?

எந்தத் துணியில் போடுவார்கள் என்று கேட்டீர்களா? ஊருக்குள் சின்ன இடத்தில், கேட்ட மறுநாளே கிடைப்பது பெரும்பாலும் சப்ளிமேஷன். காகிதத்தில் அச்சடித்து, சுமார் 200 டிகிரி சூட்டில் துணியோடு வைத்து அழுத்துவார்கள். மை ஆவியாகி இழைக்குள் இறங்கும். இது பாலியஸ்டருக்கான வேலை. காட்டனில் மங்கலாகத்தான் விழும், அதுவும் துவைக்கத் துவைக்கப் போய்விடும்.

காட்டன், ரேயான், லினன் என்றால் ரியாக்டிவ் சாயம், அதாவது இழையோடு வேதிவினையால் பிணைந்துகொள்ளும் சாயம் கேளுங்கள். அதில் அச்சடிப்பது பாதி வேலைதான். அதற்கு முன் துணிக்கு சோடா, யூரியா எல்லாம் ஏற்றிப் பக்குவப்படுத்த வேண்டும். அச்சு காய்ந்த பிறகு நீராவியில் வேகவைத்து, ஒட்டாத சாயம் போகும்வரை அலச வேண்டும். அலசிய தண்ணீரைச் சுத்திகரிக்காமல் வெளியே விட முடியாது. நொய்யல் ஆற்று மாசு வழக்கில் 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது நினைவிருக்கும். இவ்வளவு வசதியும் மாடியில் ஒரு மெஷின் வைத்திருப்பவரிடம் இருக்காது. ஈரோடு, திருப்பூர், ஜெய்ப்பூர், அகமதாபாத் என்று நாங்கள் வெளியூருக்கு அனுப்புவது இதனால்தான்.

பிக்மென்ட் மை என்று இன்னொன்று உண்டு. எந்தத் துணியிலும் நிற்கும், ஆனால் பசையோடு மேலே உட்காரும். அங்கங்கே சின்னப் பூ என்றால் தெரியாது. துணி முழுக்க அடர் நீலம் என்றால் கை வைத்ததுமே விறைப்பு தெரியும். மே மாதச் சென்னையில் அதை யார் போட்டுக்கொள்வார்கள்? டோட் பைக்கும் குஷன் உறைக்கும் தாராளமாகப் போடலாம்.

ஸ்க்ரீன் பிரிண்ட் மலிவு என்கிறார்களே?

மீட்டர் கணக்கில் மலிவுதான். ஆனால் ஒரு நிறத்துக்கு ஒரு ஸ்க்ரீன் (சாயத்தை டிசைன் வழியாக மட்டும் இறக்கும் வலைச் சட்டம்) செய்ய வேண்டும், 50 மீட்டர் போட்டாலும் 1,000 மீட்டர் போட்டாலும் அந்தச் செலவு மாறாது. கையோடு ஒரு கணக்குப் போடுங்கள். 5 ஸ்க்ரீனுக்கு 15,000 ரூபாய், டிஜிட்டலுக்கும் ஸ்க்ரீனுக்கும் மீட்டருக்கு 60 ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், 250 மீட்டரைத் தாண்டினால்தான் ஸ்க்ரீன் லாபம். (எண்கள் உதாரணத்துக்கு. உங்களுக்கு வந்த விலையைப் போட்டுப் பாருங்கள்.) விலை குறைகிறதே என்று 500 மீட்டர் வாங்கிப் பரணில் அடுக்குவதை மட்டும் செய்யாதீர்கள்.

போனில் பார்த்த மரூன் துணியில் செங்கல் நிறமாக வந்துவிட்டது. யார் மேல் தப்பு?

போன் திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, துணி சாயத்தால் காட்டுகிறது. இரண்டும் ஒத்துப்போகும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அதற்குத்தான் ஸ்ட்ரைக் ஆஃப், அதாவது நீங்கள் வாங்கப்போகும் அதே துணியில், அதே மெஷினில் ஒரு சாம்பிள். வேறு துணியில் போட்டுக் காட்டினால் ஏற்காதீர்கள். வந்த சாம்பிளை டியூப்லைட்டில் ஒரு தடவை, பால்கனி வெளிச்சத்தில் ஒரு தடவை பாருங்கள். சில பச்சையும் பழுப்பும் இரண்டு இடத்திலும் வேறு வேறு முகம் காட்டும். சரி என்றால் அந்தத் துண்டின் மேலேயே கையெழுத்துப் போட்டு, பாதியை அவர்களிடம் கொடுத்துவிட்டு மீதியை வைத்துக்கொள்ளுங்கள்.

டிசைன் ஃபைல் எப்படிக் கொடுப்பது?

அசல் அளவில் 150 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 150 புள்ளி) போதும். ரோட்டரி ஸ்க்ரீனுக்கு, அதாவது உருளை வடிவ ஸ்க்ரீனுக்குப் போகும் எண்ணம் இருந்தால் ரிப்பீட் உயரத்தை (டிசைன் மறுபடி தொடங்கும் இடைவெளியை) 64 செ.மீ. அல்லது அதைச் சமமாக வகுக்கும் 32, 16 என்று வையுங்கள். பெரும்பாலான ரோட்டரி உருளைகளின் சுற்றளவு 64 செ.மீ. அப்புறம், யானை எல்லாம் ஒரே பக்கம் நிமிர்ந்து நிற்கும் டிசைன் என்றால் கட்டிங் மாஸ்டரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். துணியைத் திருப்பிப் போட்டு வெட்ட முடியாது, கூடுதலாகச் செலவாகும்.

தம்பதியாகக் குழந்தைகள் ஃபிராக் செய்கிறோம். சாயம் போகுமா, சுருங்குமா என்று வீட்டிலேயே பார்க்க முடியுமா?

முடியும். சாம்பிள் துணியில் 50 செ.மீ. சதுரம் ஒன்றைப் பேனாவால் வரைந்து, வாடிக்கையாளர் துவைப்பது மாதிரியே துவைத்துக் காயவைத்து அளந்து பாருங்கள். 48 ஆகியிருந்தால் 4 சதவீதம். 25 அங்குல ஃபிராக்கில் ஒரு அங்குலம் போச்சு. ரேயான் காட்டனைவிட அதிகமாகவே சுருங்கும். சாயத்துக்கு, வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து அடர் நிறத்தின் மேல் பத்துத் தடவை அழுத்தித் தேயுங்கள். நம் ஊர் வியர்வைக்கு இந்த ஈரச் சோதனைதான் முக்கியம். பெரிய ஆர்டர் என்றால் கோவையில் உள்ள ஜவுளி ஆய்வு நிறுவனமான சிட்ராவுக்கு அனுப்பலாம். 1 முதல் 5 வரை மதிப்பெண் தருவார்கள், 4 வந்தால் நிம்மதி.

நாங்கள் வரைந்ததை யாராவது காப்பியடித்தால்?

இதைப் பலர் கவனிப்பதில்லை. பதிவு செய்யக்கூடிய டிசைனைப் பதியாமலே, அது போட்ட பொருளை 50 தடவைக்கு மேல் உற்பத்தி செய்துவிட்டால், 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி அதன் மீதான பதிப்புரிமை போய்விடும். வடிவமைப்புச் சட்டத்தில் பதிந்தால் 10 வருடம், பிறகு 5 வருடம் நீட்டிக்கலாம். கிண்டியில் உள்ள காப்புரிமை அலுவலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். இன்ஸ்டாகிராமில் போடுவதற்கு முன் விண்ணப்பியுங்கள், வெளியிட்ட டிசைன் புதியது ஆகாது.

அதே டிசைனை மறுபடி ஆர்டர் செய்தால் அதே நிறம் வருமா?

கிட்டத்தட்ட வரும். துணி லாட் (ஒரே தடவையில் தயாரான தொகுதி) மாறும், சாயம் மாறும், அலசும் தண்ணீர்கூட மாறும். ஒரு குர்திக்கு உடம்பு ஒரு லாட்டிலும் கை இன்னொரு லாட்டிலும் வெட்டினால் வெயிலில் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஒரு சீசனுக்கு வேண்டியதை ஒரே தடவையில் வாங்குங்கள், அச்சுப் பிசகுக்கும் ஓரத்துக்கும் கொஞ்சம் சேர்த்தே சொல்லுங்கள். மறு ஆர்டருக்கு அந்தப் பழைய கையெழுத்துத் துண்டை நகலெடுத்து அனுப்பாதீர்கள், துண்டையே கூரியரில் அனுப்புங்கள். பில்லில் லாட் எண் எழுதித் தரச் சொல்லுங்கள், வெட்டும் வரை லாட்டுகளைக் கலக்காமல் தனித்தனியாக வையுங்கள்.