கொழுந்துத் தராசில் ஆட்டுக்குட்டி

அண்ணே, அன்றைக்கு "பயப்படாதீங்க, பார்த்துக்கலாம்" என்று சொல்லி அனுப்பினேன். மகளை வெளிநாட்டில் டாக்டருக்குப் படிக்க வைக்க உங்கள் கொழும்பு மச்சான் போட்டுக் கொடுத்த செலவுக் கணக்கை இரவு மறுபடி பார்த்ததும், அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது. அக்காவின் நகை, நீங்கள் ஓய்வு பெற்றபோது வந்த சேமலாப நிதி, மிச்சத்துக்கு வட்டிக்கடன். இவ்வளவும் வெளிநாட்டு எம்பிபிஎஸ்ஸுக்கு. வேண்டாம். படித்துத் திரும்பினாலும் வெளிநாட்டில் படித்தவர்களுக்கு மருத்துவ சபை வைக்கும் இஆர்பிஎம் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் இங்கே தொழில். வட்டி அதுவரை பொறுக்காது.

மகளைத் தனியாக விசாரித்தேன். டாக்டர் என்ற சொல்லே அவள் வாயில் வரவில்லை. ஆட்டுக்குட்டியைக் கொழுந்துத் தராசில் தொங்கவிட்டு ஞாயிறுதோறும் நிறுக்கிறாளாமே? எந்தக் கிழமை எந்தப் புல், எத்தனை கிலோ என்று கொப்பியின் பின்பக்கம் முழுக்க எழுதியிருக்கிறாள்.

உடல் எடையை ஆராயும் ஆய்வுகூடத்திலும் கிட்டத்தட்ட இதுதான் வேலை. சுண்டெலிகளுக்குக் கொழுப்புத் தீனி போட்டுப் பருக்க வைப்பார்கள். ஒரு கூட்டத்துக்குப் பச்சைத் தேயிலைச் சாறு, ஒன்றுக்கு ஓடுவதற்குச் சக்கரம், ஒன்றுக்கு இரண்டும், இன்னொன்றுக்கு எதுவுமில்லை. அந்தத் தேயிலைச் சாற்றிலுள்ள கட்டெச்சின் என்ற பொருள் உங்களுக்குப் புதிதல்ல. பெக்டரியில் கொழுந்து செம்பு நிறமாகும்போது மாறிப்போவது அதுதான். எலியோடு தீனியையும் நிறுக்க வேண்டும். சாறு கசந்து எலி குறைவாகத் தின்றிருந்தால், மெலிந்ததற்குக் காரணம் மருந்தா பட்டினியா? இதை நான் சொல்லுமுன் அவளே கேட்டாள். எலிக்குக் கொடுக்கும் அளவும் அதிகம். மனிதரிடம் பச்சைத் தேயிலையால் குறைந்த எடை சொற்பம்தான். டீவி விளம்பரத்தை நம்பாத பிள்ளைக்கு ஏற்ற துறை.

ஆசிரியர், தாதி வழியெல்லாம் உங்களுக்கே தெரியும். நான் சொல்வது பதுளை ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் விலங்கு விஞ்ஞானம், இல்லையென்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் உயிரியல் விஞ்ஞானம். கட்டணம் இல்லை, மஹாபொல புலமைப்பரிசிலுக்கும் விண்ணப்பிக்கலாம். நம் நுவரெலியா பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருப்பதால், பல்கலைக்கழக அனுமதியில் அந்த மாவட்டங்களுக்கான 5 சதவீத ஒதுக்கீடும் உண்டு. படிப்பு ஆங்கிலத்தில், அதற்கு இப்போதே தயாராகட்டும். ஆய்வு உதவியாளர் வேலை பெரும்பாலும் தற்காலிகம், அதையும் மறைக்கவில்லை. கடனில்லாமல் தொடங்குகிறவளால் அதைச் சமாளிக்க முடியும்.

ஒன்றை மட்டும் அவளிடம் நேராகவே கேட்டேன். ஆய்வு முடிந்ததும் எலியைக் கொன்றுதான் கல்லீரலை எடுத்துப் பார்ப்பார்கள், தாங்குவாயா என்று. கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "மயக்கிட்டுத்தானே சேர்?" என்றாள்.