பழைய லேப்டாப்பில் வீட்டு சர்வர்: கிளவுட் கணக்கை எப்போது மூடலாம்?

கேள்வி: பத்து ஆண்டுகளாக எடுத்த படங்களும் வீடியோக்களும் சுமார் 300 ஜிபி அளவுக்குக் கூகுள் போட்டோஸில் இருக்கின்றன. பிள்ளைகளின் முகங்களை ஒரு நிறுவனத்தின் கணினி அடையாளம் கண்டு அடுக்கி வைத்திருப்பது உறுத்துகிறது. எட்டு வருடப் பழைய லேப்டாப் ஒன்று சும்மா கிடக்கிறது. அதில் லினக்ஸ் போட்டு, படங்களை எல்லாம் இறக்கிக்கொண்டு, கணக்கை மூடிவிடலாம் என்று நினைக்கிறேன். வெளியூரில் இருக்கும்போதும் படங்களைப் பார்க்க வேண்டும். லினக்ஸ் ஓரளவு பழக்கம். இது சரிப்படுமா? எங்கே தொடங்குவது?

பதில்: தாராளமாகச் சரிப்படும். அந்த லேப்டாப்பே போதும், ஓரளவு லினக்ஸ் பழக்கமும் போதும். ஆனால் இறக்குவதற்கும் மூடுவதற்கும் நடுவே இருக்க வேண்டிய பேக்கப் உங்கள் திட்டத்தில் இல்லை. அதைப் பற்றித்தான் இங்கே அதிகம் சொல்லப் போகிறேன்.

கிளவுட் நிறுவனம் உங்கள் அந்தரங்கத்துக்குள் எட்டிப் பார்க்கிறது என்பது உண்மை. அதே நிறுவனம் உங்கள் படங்களைப் பல டிஸ்குகளில் பிரதி எடுத்தும் வைத்திருக்கிறது. அங்கே ஒரு டிஸ்க் செத்தால் உங்களுக்குச் செய்தி கூட வராது. சொந்த சர்வருக்கு வந்ததும் அந்தரங்கம் உங்கள் கைக்குத் திரும்பிவிடும், ஆனால் அந்தப் பிரதிகள் கூடவே வராது. எட்டு வருட லேப்டாப்பின் ஒற்றை டிஸ்கில் பத்து வருடப் படங்கள் இருக்க, கணக்கும் மூடியிருந்தால், உங்கள் நிலைமை முன்பைவிட மோசம்.

புகைப்படக்காரர் பீட்டர் கிரோக் பரப்பிய 3-2-1 கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்: மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகங்கள், அதில் ஒன்று வேறு இடத்தில். சர்வரில் இருப்பது ஒன்று. வெளி ஹார்டு டிஸ்கில் இன்னொன்று. மூன்றாவது உறவினர் வீட்டில் இருக்கும் டிஸ்காக இருக்கலாம், வாடகைக்கு எடுத்த சேமிப்பிடமாகவும் இருக்கலாம். இந்த 'வேறு இடம்' என்பதைத்தான் பலர் தள்ளிப்போடுகிறார்கள். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஹெச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, வெளியே பிரதி வைத்திருக்காத வாடிக்கையாளர்கள் பலரின் தரவு அப்படியே போனது. தொழில்முறைக் கட்டடத்துக்கே அந்தக் கதி என்றால், வீட்டில் ஒரே அலமாரியில் சர்வரையும் பேக்கப் டிஸ்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதை நினைத்துப் பாருங்கள்.

சிங்க் வேறு, பேக்கப் வேறு. ஒரு கணினியில் செய்யும் மாற்றத்தை மற்றவற்றிலும் அப்படியே செய்வதுதான் சிங்க். இதை நான் கற்றது வலியோடு. மூன்று கணினிகளில் ஒரே கோப்புறையை சிங்க் செய்துவிட்டு, மூன்று பிரதி இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்தேன். ஒருநாள் ஒரு கணினியில் தவறான கோப்புறையை அழித்தேன். சில நிமிடங்களில் மற்ற இரண்டிலும் அது மறைந்துபோனது. மென்பொருள் அதன் வேலையைச் சரியாகவே செய்திருந்தது. நான் சிங்க் செய்யப் பயன்படுத்திய சிங்க்திங் அருமையான கருவி, இன்றும் பயன்படுத்துகிறேன். ஆனால் பேக்கப்புக்கு ரெஸ்டிக் அல்லது போர்க் என்ற மென்பொருள் வேண்டும். இவை ஒவ்வொரு நாளின் நிலையையும் தனித்தனியே காத்து வைக்கும். இன்று அழித்ததைப் போன வாரத்திலிருந்து மீட்கலாம். மாறிய பகுதி மட்டுமே சேர்வதால் இடமும் அதிகம் பிடிக்காது. ரெஸ்டிக் எல்லாவற்றையும் பூட்டியே (என்க்ரிப்ட் செய்தே) எழுதுகிறது. போர்க்கில் அதைத் தொடக்கத்திலேயே தேர்ந்துகொள்ள வேண்டும். அதனால் டிஸ்க் யார் வீட்டில் இருந்தாலும் உள்ளே இருப்பதை அவர்களால் பார்க்க முடியாது. அதற்கு விலை ஒன்று உண்டு: கடவுச்சொல் தொலைந்தால் படங்களும் தொலைந்தன, மீட்டுத் தர யாருமில்லை. அதை ஒரு தாளில் எழுதி, சர்வர் இருக்கும் வீட்டுக்கு வெளியேயும் ஒரு நகல் வையுங்கள். அதே தாளில், நீங்கள் இல்லாத நேரத்தில் வீட்டார் படங்களை எப்படித் திறப்பது என்பதையும் நான்கு வரியில் எழுதுங்கள். குடும்பத்துக்காகக் கட்டுவது உங்கள் ஒருவரோடு நின்றுவிடக் கூடாது.

மாதம் ஒருமுறை, ஏதாவது ஒரு ஆண்டின் படங்களைப் பேக்கப்பிலிருந்து வேறு கணினியில் மீட்டுத் திறந்து பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப்பாகக் கணக்கில் எடுப்பதே இல்லை.

இனி இறக்கும் வேலை. உங்கள் தரவை மொத்தமாக இறக்கித் தரும் கூகுள் டேக்அவுட் மூலம் கேட்டால் படங்களை ஜிப் (zip) கோப்புகளாகப் பிரித்துத் தரும். ஒவ்வொன்றும் 10 ஜிபி என்று தேர்ந்தெடுங்கள். 50 ஜிபி வைத்தால் நடுவில் இணைப்பு அறும்போது இழப்பு பெரிது. திறந்து பார்த்தால் படங்களோடு ஜேசன் கோப்புகளும் கலந்து கிடக்கும். குப்பை என்று அழித்துவிடாதீர்கள். கூகுளில் நீங்கள் திருத்திய தேதி, இடம், எழுதிய குறிப்பு எல்லாம் அவற்றில்தான் இருக்கின்றன. கேமராவில் எடுத்த படத்துக்குள்ளேயே தேதி பதிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் வந்ததிலும் ஸ்கேன் செய்த பழைய படங்களிலும் பெரும்பாலும் இருக்காது. ஜேசன் இல்லாமல் ஏற்றினால், தாத்தாவின் கல்யாணப் படம் நீங்கள் இறக்கிய தேதியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

படங்களுக்கு நான் பரிந்துரைப்பது இம்மிச் என்ற மென்பொருள், உங்கள் சர்வரிலேயே ஓடும். கைபேசியிலிருந்து தானாக ஏற்றும். உங்களை உறுத்திய அந்த முக அடையாளத்தையும் உங்கள் கணினிக்குள்ளேயே செய்யும், ஒரு பைட் கூட வெளியே போகாது. டேக்அவுட் மூட்டையை ஜேசனோடு பொருத்தி ஏற்ற இம்மிச்-கோ என்ற சிறு கருவி இருக்கிறது. பழைய பிராசஸரில் முதல் முறை முகங்களை அடுக்கி முடிக்கச் சில நாள்கள் ஆகலாம், ஓடட்டும். ஆல்பங்களும் முகப் பெயர்களும் படக் கோப்புகளில் இருப்பதில்லை, தரவுத்தளத்தில் இருக்கின்றன. அதன் பிரதியும் பேக்கப்பில் சேர வேண்டும். இதேபோல் சொந்த சர்வரில் ஓடும் நெக்ஸ்ட்கிளவுட் ஆவணங்களுக்கும் காலண்டருக்கும் நல்லது. படத்துக்காக மட்டும் அதை நிறுவ வேண்டாம்.

லேப்டாப்பில் டெஸ்க்டாப் இல்லாத டெபியன் (லினக்ஸில் ஒரு வகை) போடுங்கள். 8 ஜிபி ராம் இருந்தால் கவலையில்லை. நிறுவும்போதே டிஸ்க்கை முழுக்க என்க்ரிப்ட் செய்யுங்கள், திருடு போனாலும் படங்கள் திறக்காது. ஒவ்வொரு முறை மறுதொடக்கத்திலும் கடவுச்சொல் கேட்கும். மின்வெட்டில் லேப்டாப் பேட்டரி தாங்கிக்கொள்வதால் அது அடிக்கடி நேராது. பேட்டரி உப்பியிருந்தால் அன்றே கழற்றிவிடுங்கள், அதில் தயவு வேண்டாம். மூடியை மூடினாலும் உறங்காதபடி அமைத்து, டிஸ்க் தன்னைத்தானே சோதிக்கும் ஸ்மார்ட் (SMART) வசதியில் அதன் உடல்நிலையையும் பாருங்கள். சராசரி 12 வாட் இழுத்தால் ஆண்டுக்குச் சுமார் 105 யூனிட் மின்சாரம் ஆகும்.

வெளியூரிலிருந்து பார்ப்பதற்கு, ரவுட்டரில் போர்ட்டை (வெளியிலிருந்து வரும் இணைப்புக்கான வாசலை) திறந்து இம்மிச்சை நேரே இணையத்தில் வைப்பதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. வேண்டாம். உங்கள் முகவரி யாருக்குத் தெரியப் போகிறது என்ற எண்ணம் 2013-லேயே செல்லாததாகிவிட்டது. அந்த ஆண்டே மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சீமேப் என்ற கருவியால், ஒரே கணினியை வைத்து இணையத்தின் பழைய வகை முகவரிகளான ஐபிவி4 முகவரிகள் அனைத்தையும் 45 நிமிடத்துக்குள் தட்டிப் பார்த்துவிட முடியும் என்று காட்டினார்கள். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற பணயத் தாக்குதல், இணையத்துக்குத் திறந்து வைத்திருந்த வீட்டுச் சேமிப்புப் பெட்டிகளைத் தேடிப் பிடித்துப் பூட்டியது.

கைபேசியை வீட்டு நெட்வொர்க்கோடு பூட்டிய பாதையில் இணைக்கும் வயர்கார்ட் (ஒரு விபிஎன்) போடுங்கள். 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6 முதல் அது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது. சரியான சாவி இல்லாமல் வரும் பாக்கெட்டுக்கு (தரவுத் துண்டுக்கு) அது பதிலே அனுப்பாது. தட்டுகிறவருக்கு அங்கே கதவு இருப்பதே தெரியாது. கைபேசியில் வீட்டு முகவரிகள் மட்டும் அதன் வழியே போகும்படி அமைத்தால், எப்போதும் இயக்கத்திலேயே விட்டுவிடலாம்.

ஒரு தடங்கல் வரலாம். ரவுட்டரின் வெளி முகவரி 100.64-க்கும் 100.127-க்கும் இடைப்பட்டுத் தொடங்கினால், ஒரே முகவரியை உங்கள் இணைய நிறுவனம் பலருக்குப் பகிர்ந்திருக்கிறது என்று பொருள். அப்போது வெளியிலிருந்து நேரே உள்ளே வர முடியாது. புதிய வகை முகவரியான ஐபிவி6 இருந்தால் அதில் முயலுங்கள். இல்லையென்றால் டெய்ல்ஸ்கேல் என்ற நிறுவனத்தின் சேவை எளிய வழி. அதன் அடியில் இருப்பதும் வயர்கார்ட்தான். படங்கள் சாதனத்திலிருந்து சாதனத்துக்குப் பூட்டியபடியே போகும். எந்தச் சாதனம் எதோடு சேர்ந்த வலை என்பது போன்ற விவரங்கள் அந்த நிறுவனத்துக்குத் தெரியும். அதுவும் கூடாது என்றால், அந்த நிறுவனத்தின் வேலையை உங்கள் சர்வரிலேயே செய்யும் ஹெட்ஸ்கேலுக்குப் பின்னால் மாறலாம். முதல் நாளே அதில் இறங்க வேண்டாம்.

இது ஓடத் தொடங்கியதும் அடுத்த ஆசை மின்னஞ்சல் சர்வராக இருக்கும். அதைத் தள்ளிவையுங்கள். பல வீட்டு இணைப்புகளில் மடல் அனுப்பத் தேவையான போர்ட் 25 அடைத்தே இருக்கும். திறந்திருந்தாலும் வீட்டு முகவரியிலிருந்து வரும் மடலைப் பெரிய நிறுவனங்கள் ஸ்பேமில் தள்ளும்.

கணக்கு விஷயத்துக்கு வருவோம். மூன்று மாதம் இரண்டும் சேர்ந்தே ஓடட்டும். அதற்குள் ஒருமுறையாவது பேக்கப்பிலிருந்து முழுதாக மீட்டுப் பார்த்திருக்க வேண்டும். அழிக்கும் முன் கைபேசியில் உள்ள மூலப் படங்களும் சர்வருக்கு வந்துவிட்டனவா என்று எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். கூகுள் போட்டோஸ் ஆப்பில் அழித்தால் கைபேசியில் இருப்பதும் சேர்ந்தே போகும். ஆகவே முதலில் கைபேசியில் அந்தக் கணக்கிலிருந்து வெளியேறிவிட்டு, கணினியின் பிரௌசரில் அழியுங்கள். அழித்தவை 60 நாள் குப்பைத்தொட்டியில் இருக்கும். ஏதாவது விட்டுப்போனது தெரிந்தால் அதற்குள் எடுத்துக்கொள்ளலாம். படங்களை அழித்தாலும் கணக்கை மட்டும் விட்டுவையுங்கள். வேறு எத்தனை தளங்களின் கடவுச்சொல் மீட்பு மடல் அந்த முகவரிக்கு வருகிறது என்று பட்டியல் எடுத்து, ஒவ்வொன்றையும் மாற்றி முடித்த பிறகு மூடுங்கள்.