பை மூடியிருக்கும்போது வாடை வருகிறதா?

கேள்வி: மலக்குடல் புற்றுநோய் அறுவைக்குப் பின் எனக்கு (வயது 54) மலம் வந்து சேர, வயிற்றின் மேல் நிரந்தரமாகக் கொலாஸ்டமி பை பொருத்தியிருக்கிறார்கள். பக்கத்தில் இருப்பவர்களுக்கு வாடை அடிக்குமோ என்ற அச்சத்தில் கல்யாணம், காட்சி எதற்கும் போவதில்லை. அரை வயிறுதான் சாப்பிடுகிறேன். இணையத்தில் பார்த்துப் பைக்குள் ஆஸ்பிரின் போடுகிறேன். காற்று வெளியேற ஊசியால் துளையும் இடுகிறேன். சில நாட்களாக, பையைத் தோலோடு ஒட்டிவைக்கும் தட்டுக்கு அடியில் அரிப்பு இருக்கிறது.

பதில்: ஆஸ்பிரினை இன்றே நிறுத்துங்கள். ஸ்டோமா என்பது வெளியே தைத்து வைக்கப்பட்ட குடல். தொட்டால் வலி தெரியாத அந்தச் சதையில் மாத்திரை பட்டுப் புண்ணாகி ரத்தம் கசியும்வரை உங்களுக்கு எதுவும் தெரியாது. ஊசியையும் தூரப் போடுங்கள். பையின் படலமே வாடையை வெளியே விடாதபடி தயாரிக்கப்பட்டது. அதில் துளையிட்டுவிட்டு வாடைக்கு அஞ்சுவதில் பொருளில்லை. காற்று சேருவது தொல்லையாக இருந்தால், கரி வடிகட்டி உள்ள பைகளும், பைக்குள் விடுவதற்கென்றே தயாரித்த வாடைநீக்கிச் சொட்டுகளும் கிடைக்கின்றன.

பையைக் காலி செய்யும்போதும் மாற்றும்போதும் வரும் வாடை எல்லார் வீட்டுக் கழிப்பறையிலும் உள்ளதுதான், அதை மறந்துவிடலாம். ஆனால் துளையில்லாத பை, அதன் வாய் சுத்தமாகத் துடைக்கப்பட்டு மூடியிருக்கும்போதும் வாடை வந்தால், தட்டுக்கும் தோலுக்கும் இடையே மலம் கசிகிறது என்று பொருள். கடிதத்தின் கடைசி வரியில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த அரிப்புதான் எனக்குக் கவலை தருகிறது. தட்டைக் கழற்றி அதன் பின்புறத்தைப் பாருங்கள். பசை கரைந்தோ, ஓரம்வரை பழுப்புக் கறை ஓடியோ இருந்தால் கசிவு உறுதி. மேலே பிளாஸ்டர் ஒட்டிச் சமாளித்தால் மலம் உள்ளேயே தங்கித் தோலை அரித்துவிடும். அன்றே தட்டை மாற்ற வேண்டும். தோலை வெறும் தண்ணீரில் கழுவி, ஈரமில்லாமல் ஒற்றி எடுங்கள். எண்ணெய், பவுடர், களிம்பு எதையும் தடவினால் பசை பிடிக்காது.

அறுவைக்குப் பிறகு ஆறு முதல் எட்டு வாரங்கள்வரை ஸ்டோமா சுருங்கிக்கொண்டே வரும். வீட்டுக்கு அனுப்பிய நாளில் கொடுத்த அளவிலேயே பலர் மாதக்கணக்கில் தட்டை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். பெரும்பாலான கசிவுகளை நான் அங்கேதான் பார்க்கிறேன். மறுபடி அளந்து, ஸ்டோமாவைவிட 2 அல்லது 3 மில்லிமீட்டர் மட்டும் பெரிதாகத் தட்டில் துளை வெட்டுங்கள். அப்படியும் கசிந்தாலோ, தோல் உரிந்து நீர் வடிந்தாலோ ஓரிரு நாளுக்குள் ஸ்டோமா செவிலியரையோ அறுவை மருத்துவரையோ பாருங்கள். எடை கூடுவது, குறைவது, ஸ்டோமாவைச் சுற்றிக் குடல் பிதுங்குவது போன்ற காரணங்களை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

பட்டினி கிடந்தால் வாடை குறையாது, காற்றுதான் கூடும். மூன்று வேளையும் சாப்பிடுங்கள். வெங்காயம், பூண்டு, முட்டை, மீன், முட்டைக்கோஸ் ஆகியவற்றை விசேஷத்துக்கு முந்தைய நாள் மட்டும் குறைத்துக்கொண்டால் போதும். மோர் சிலருக்கு உதவுகிறது. கிளம்புமுன் பையைக் காலி செய்யுங்கள், மண்டபத்தில் மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் மறுபடி காலி செய்யுங்கள். அளவாக வெட்டிய ஒரு தட்டும் ஒரு பையும் கைப்பையில் இருக்கட்டும்.