பருப்பு ஏன் வேகவில்லை? ஒற்றை அடுப்புக்காரருக்கு ஒரு பதில்

கேள்வி: எனக்குச் சொந்த ஊர் கோயம்புத்தூர். வேலைக்காகச் சென்னை சோழிங்கநல்லூர் வந்து ஆறு மாதம் ஆகிறது. நானும் நண்பரும் ஓர் அறையில் இருக்கிறோம். ஒரு இண்டக்‌ஷன் அடுப்பு, 3 லிட்டர் குக்கர், ஓர் இரும்பு வாணலி, இவ்வளவுதான் சாமான். மிக்சி, ஃபிரிட்ஜ் இல்லை. எட்டு மணிக்கு வருவோம், ஒன்பதுக்குள் சாப்பிட வேண்டும். அம்மாவிடம் கேட்டு அரிசியும் பருப்பும் சாதம் மூன்று முறை வைத்தேன். ஐந்து விசில் விட்டும் பருப்பு முழுசு முழுசாக நிற்கிறது, அடியும் பிடிக்கிறது. அம்மாவுக்கு மூன்றே விசிலில் குழைந்துவிடும். ரசம் வைத்தால் ஒரு மாதிரி கசக்கிறது. வெளிச்சாப்பாடு வயிற்றுக்கும் ஒத்துவரவில்லை, கைக்கும் கட்டவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, முதலில் ஒன்று கேட்கிறேன். நீங்கள் பருப்பு வேகவைப்பது எந்தத் தண்ணீரில்?

கோவையில் உங்கள் வீட்டுக் குழாயில் வந்தது சிறுவாணித் தண்ணீராக இருந்தால், பருப்பு வேகிறதா என்று உங்கள் அம்மா கவலைப்பட்டிருக்கவே மாட்டார். அது மலையில் பெய்து அணையில் தேங்கிய மழைநீர், உப்புகள் குறைவு. நீங்கள் இப்போது இருக்கும் பகுதியில் பல கட்டடங்களுக்குப் போர் தண்ணீரோ லாரித் தண்ணீரோதான் வருகிறது. குளிக்கும் பக்கெட்டின் உட்புறத்தில் வெள்ளையாகப் படிந்திருக்கிறதா? சோப்பு நுரைக்க அடம்பிடிக்கிறதா? அப்படியானால் அது கால்சியமும் மெக்னீசியமும் மிகுந்த கடின நீர். பருப்பின் செல்களைச் சேர்த்துப் பிடித்திருப்பது பெக்டின் என்ற பசை. அந்தப் பசை கரைந்தால்தான் பருப்பு குழையும். கால்சியம் அதோடு சேர்ந்துகொண்டு பசையை இறுக்கிவிடுகிறது. எத்தனை விசில் விட்டாலும் பருப்பு உருண்டையாகவே நிற்பது இதனால்தான்.

சந்தேகமிருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பாருங்கள். ஒரு பிடி துவரம்பருப்பை இரண்டாகப் பிரித்து, ஒரே அளவுள்ள இரண்டு சிறு கிண்ணங்களில் போட்டு, ஒன்றில் குழாய்த் தண்ணீரும் மற்றொன்றில் குடிக்கும் கேன் தண்ணீரும் ஊற்றி, இரண்டையும் ஒரே குக்கருக்குள் வைத்து எடுங்கள். கடின நீர்தான் காரணம் என்றால் வித்தியாசம் விரலில் நசுக்கும்போதே தெரிந்துவிடும். மனையியல் வகுப்பில் மாணவிகளுக்கு நான் முதலில் செய்துகாட்டுவது இதைத்தான். அதுவரை தனக்குக் கைப்பக்குவம் இல்லை என்று நினைத்திருந்த பிள்ளைகள் முகம் தெளிவதைப் பார்த்திருக்கிறேன். கழுவுவதற்குக் குழாய்த் தண்ணீர் போதும். ஊறவைக்கவும் வேகவைக்கவும் கேன் தண்ணீர் ஊற்றுங்கள். ஒரு வேளைக்கு ஒரு லிட்டர்கூட ஆகாது.

அடுத்த சந்தேகம் தக்காளி மேல். எத்தனை போட்டீர்கள் என்று எழுதவில்லை, ஆனால் புதிதாகச் சமைப்பவர்கள் ருசிக்காக இரண்டு மூன்று போட்டுவிடுவார்கள். புளிப்பும் அந்தப் பசையைக் கரையவிடாது. சாம்பாரில் பருப்பு வெந்த பிறகுதான் புளி கரைத்து ஊற்றுகிறோம், காரணம் இதுதான். அரிசியும் பருப்பும் சாதத்தில் எல்லாம் ஒன்றாக வேகிறது என்பதால் ஒரு சின்னத் தக்காளியோடு நிறுத்துங்கள். தக்காளியே போடாத கொங்கு வீடுகளும் உண்டு, ருசி ஒன்றும் குறைவதில்லை. உப்பு போட்டால் பருப்பு வேகாது என்று சிலர் சொல்வார்கள். உப்பு அப்படித் தடுப்பதில்லை, பயப்படாமல் முதலிலேயே போடுங்கள். சோடா உப்பு மட்டும் வேண்டாம். பருப்பைக் குழைத்துவிடும், உண்மைதான், ஆனால் பருப்பிலுள்ள பி1 வைட்டமினை அழித்துவிடும்.

இத்தனை செய்தும் வேகாவிட்டால் பருப்பு பழசு. வெப்பமான இடத்தில் பல மாதம் கிடந்த பருப்பு எந்தத் தண்ணீரிலும் முரண்டு பிடிக்கும். கடை மாற்றி, அரைக் கிலோ மட்டும் வாங்கிப் பாருங்கள்.

சரி, விசில் கணக்குக்கு வருவோம். உங்கள் அம்மா சொன்ன மூன்று விசில் கேஸ் அடுப்பின் கணக்கு. மிதமான தீயில் மூன்று விசில் வருவதற்குள் பத்து நிமிடத்துக்கு மேல் ஓடியிருக்கும். இண்டக்‌ஷனை முழு வேகத்தில் வைத்தால் முதல் விசில் வந்த கையோடு அடுத்தடுத்து ஐந்தும் வந்துவிடும். உள்ளே வெந்த நேரமோ இரண்டு மூன்று நிமிடம்தான். விசில் என்பது கூடுதல் ஆவியை வெளியே விடும் சத்தம், அவ்வளவே. வேகவைப்பது அழுத்தத்தில் ஏறிய சூடு. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது, குக்கருக்குள் 120 டிகிரியை ஒட்டிப் போகும். அந்தச் சூட்டில் எத்தனை நிமிடம் இருந்தது என்பதைத்தான் எண்ண வேண்டும். முதல் விசில் வந்ததும் அடுப்பை 500, 600 வாட்டுக்குக் குறைத்து, கைப்பேசியில் 8 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அணைத்துவிட்டு, ஆவி தானாக அடங்கும்வரை திறக்காதீர்கள். அந்தப் பத்து நிமிடமும் உள்ளே வேக்காடு நடந்துகொண்டுதான் இருக்கும். வெயிட்டைத் தூக்கி ஆவியை வெளியேற்றினால் அதை இழந்துவிடுவீர்கள்.

அடிபிடிப்பதற்கும் பாதிக் காரணம் அந்த முழு வேகம்தான். மீதிப் பாதி, வதக்கும்போது அடியில் ஒட்டிய வெங்காயம். தண்ணீர் ஊற்றியதும் கரண்டியால் அடியை நன்றாகச் சுரண்டிவிட்டு, ஒரு கொதி வந்த பிறகு இன்னொரு முறை கிளறி மூடுங்கள்.

இனி முழுதாகச் செய்முறை. இரண்டு பேருக்கு ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளர் துவரம்பருப்பு. எட்டு மணிக்கு உள்ளே நுழைந்ததும் செருப்பைக் கழற்றிவிட்டு முதல் வேலையாகக் கேன் தண்ணீர் கொஞ்சம் சுடவைத்து, கழுவிய பருப்பில் ஊற்றி மூடிவிட்டுக் குளிக்கப் போங்கள். வெந்நீரில் 15, 20 நிமிடம் ஊறினால் போதும். அரிசியைத் தனியாகச் சாதாரணத் தண்ணீரில் ஊறவிடுங்கள். குளித்து வந்து ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், ஐந்து பல் பூண்டு உரியுங்கள். சின்ன வெங்காயம் உரிக்கப் பொறுமை இல்லாத நாளில் ஒரு பெரிய வெங்காயம் போதும். வாசம் கொஞ்சம் மாறும், சாப்பாடு கெட்டுவிடாது.

குக்கரில் இரண்டு கரண்டி எண்ணெய். கடுகு பொரிந்ததும் ஒரு ஸ்பூன் சீரகம், அரை ஸ்பூன் தட்டிய மிளகு, இரண்டு வரமிளகாய், கறிவேப்பிலை, பிறகு வெங்காயம், பூண்டு. வெங்காயம் கண்ணாடி மாதிரி ஆனதும் தக்காளி, மஞ்சள்தூள். வதங்கியதும் புழுங்கலரிசிக்கு மூன்றரை டம்ளர், பச்சரிசிக்கு மூன்று டம்ளர் தண்ணீர் ஊற்றி, உப்புப் போட்டு, ருசி பாருங்கள். தண்ணீர் ஒரு பொட்டு கரிப்பாக இருந்தால் சாதத்தில் சரியாக நிற்கும். ஊறிய அரிசியையும் பருப்பையும் போட்டு, மேலே சொன்னபடி மூடுங்கள். எல்லாம் சேர்ந்து குக்கரில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது. பருப்பு நுரைத்து ஆவித்துளையை அடைத்துவிடலாம். திறந்ததும் ஒரு ஸ்பூன் நெய் விட்டு அடியிலிருந்து புரட்டுங்கள். தயிர், ஊறுகாய், அப்பளம் இருந்தால் ஒன்பதை ஒட்டி நீங்கள் தட்டெடுத்துவிடலாம்.

வாணலியில் அப்பளம் பொரிக்க, அரை டம்ளர் எண்ணெய் செலவழித்து மீதியைத் திரும்பத் திரும்பச் சூடாக்க வேண்டாம். அப்பளத்தின் இரண்டு பக்கமும் எண்ணெயை லேசாகத் தடவி, காய்ந்த இரும்பு வாணலியில் துணியால் அழுத்தித் திருப்பிப் போட்டால் நன்றாகவே சுட்டுக்கொள்ளும்.

ரசத்துக்கு அந்த வாணலிதான் எதிரி. வேறு பாத்திரம் இல்லாததால் ரசத்தையும் அதில்தான் வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். புளித்தண்ணீர் இரும்பைக் கரைக்கும். கரைந்த இரும்பு ரசத்தைக் கறுக்க வைத்து, நாக்கில் ஒரு துவர்ப்பும் உலோக வாடையும் விடும். நீங்கள் ‘ஒரு மாதிரி’ என்று எழுதியது அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஒன்றரை லிட்டர் கொள்ளும் தட்டை அடி எவர்சில்வர் பாத்திரம் ஒன்று வாங்குங்கள். கடையிலேயே அதன் அடியில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டினால்தான் இண்டக்‌ஷனில் சூடேறும். கசப்புக்கு இன்னொரு காரணம் தாளிப்பு. இண்டக்‌ஷனில் எண்ணெய் சட்டென்று காய்ந்துவிடும், புகை வந்த எண்ணெயில் கடுகும் மிளகாயும் நொடியில் கருகும். ரசத்துக்குத் தாளிக்கும்போது கடுகு வெடிக்கத் தொடங்கியதும் அடுப்பை அணைத்துவிட்டு, மீதியை அந்தச் சூட்டிலேயே போடுங்கள்.

ரசம் வைக்கும் நாளில் குக்கரில் வெறும் சாதம். அது ஆவி அடங்கும் பத்து நிமிடம் அடுப்பு காலியாகத்தானே இருக்கிறது? ரசத்துக்கு அதுவே போதும். நெல்லிக்காய் அளவு புளியை வெந்நீரில் ஊறப்போட்டுக் கரைத்து, ஒரு பழுத்த தக்காளியைக் கையால் பிசைந்துவிட்டு, உப்பும் மஞ்சளும் சேர்த்துப் பச்சை வாசம் போகும்வரை ஐந்து நிமிடம் கொதிக்க விடுங்கள். ஒரு ஸ்பூன் மிளகு, ஒரு ஸ்பூன் சீரகம், தோலோடு நான்கு பல் பூண்டு. மிக்சி வேண்டாம், ஒரு கனமான டம்ளரின் அடியால் தட்டினாலே போதும். மாவாக அரைத்த மிளகைவிடக் கொரகொரப்பாகத் தட்டியதே ரசத்துக்கு எடுப்பு. இதைப் போட்டு இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றி, ஓரம் முழுக்க நுரை கட்டி எழும்பும்போது அணைத்துவிடுங்கள். அதற்கு மேல் தளதளவென்று கொதித்தால் வாசம் எல்லாம் அறைக்குள் போய்விடும், பாத்திரத்தில் காரமும் கசப்பும்தான் மிஞ்சும். கொத்தமல்லி, தாளிப்பு, ஒரு சிட்டிகை பெருங்காயம்.

பருப்பு ஊறவைக்கவே மறந்துபோன நாட்கள் வரும். அதற்காகப் பாசிப்பருப்பு அரைக் கிலோ வாங்கி வைத்திருங்கள். ஊறாமலே, குக்கர் இல்லாமலே கால் மணி, இருபது நிமிடத்தில் வெந்துவிடும். அதோடு ஒரு கட்டு சிறுகீரையை நறுக்கிப் போட்டு, நான்கு பல் பூண்டு, ஒரு மிளகாய் சேர்த்தால் கடைசலும் ஆயிற்று, காயும் ஆயிற்று. கொள்ளு ஆசை வந்தால் அதை விடுமுறை நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் இரவே ஊறப்போடாமல் அது நடக்காது.

ஃபிரிட்ஜ் இல்லாதது பெரிய குறை இல்லை. சின்ன வெங்காயம், பூண்டு, புளி, வாழைக்காய், பூசணி, குடுமியோடு இருக்கும் தேங்காய் எல்லாம் வெளியிலேயே தாங்கும்.  ஊருக்குப் போகும்போது அம்மாவிடம் பருப்புப் பொடி அரைத்துத் தரச் சொல்லுங்கள். சுடுசாதம், அந்தப் பொடி, நல்லெண்ணெய்: பத்து மணிக்கு வந்த நாளுக்கு அதைவிட நல்ல சாப்பாடு எனக்குத் தெரியாது.

மீந்ததைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். சோற்றில் ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும், வேகவைத்தாலும் அவை சாகாது. சென்னை வெக்கையில் சோறு இரவெல்லாம் கிடந்தால் அவை பெருகி நஞ்சைக் கக்கும், மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. அதனால் அரிசியும் பருப்பும் சாதத்தை அன்றைக்கே தீர்க்கும் அளவுக்கு மட்டும் வையுங்கள். வெறும் சோறு மீந்தால், சாப்பிட்டு எழுந்த கையோடு சுத்தமான பாத்திரத்தில் போட்டு, மூழ்கக் கேன் தண்ணீர் ஊற்றி மூடிவையுங்கள். தண்ணீரில் சோறு புளிக்கும், அந்தப் புளிப்பு பாக்டீரியா பெருகுவதை மட்டுப்படுத்தும். காலையில் மோரும் உப்பும் சேர்த்து, நான்கு சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு, அலுவலகம் கிளம்புவதற்குள் சாப்பிட்டுவிடுங்கள். மதியம்வரை வைக்க வேண்டாம். வழக்கத்துக்கு மாறான வாடை வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.